ஈடிபி கலெக்‌ஷன் டேங்குக்குள் ஆள் இறங்கும் முன் "காஸ் செக் ஓகே" கையெழுத்து யார் போடுவது?

சாயத்தொட்டி_மெயின்டனன்ஸ்:
சாயப்பட்டறை ஒன்றின் ஈடிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) தரைக்குக் கீழே ஒரு கலெக்‌ஷன் டேங்க். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். மேலே கான்கிரீட் மூடி, அதில் 60 செ.மீ. மேன்ஹோல் இரண்டு. அடியில் ஒரு அடிக்கு மேல் ஸ்லட்ஜ் (கழிவுச் சேறு). யூனிட்டில் சல்ஃபர் பிளாக் சாயம் நிறைய ஓடுகிறது. சுத்தம் செய்ய வருகிற கான்ட்ராக்டர், "ஆளும் பொறுப்பும் என்னுடையது, பாண்டு பேப்பரில் எழுதித் தருகிறேன், நீங்கள் உள்ளே இறங்குவதற்கான பர்மிட்டில் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்கிறார். நிர்வாகமும் அதற்குச் சரி சொல்கிறது. நாலு வாயுவை அளக்கும் காஸ் மீட்டர் ஒன்று ஸ்டோரில் இருக்கிறது, மணிக்கு 1500 கன மீட்டர் காற்று தள்ளும் புளோயர் ஒன்றும் இருக்கிறது. இது போதுமா? அந்தப் பாண்டு செல்லுமா?

பர்மிட்_பேனா:
பாண்டு செல்லாது. கான்ட்ராக்டரிடம் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட வேண்டுமானால் அந்தப் பேப்பர் உதவும். பாதுகாப்புச் சட்டத்தில் பொறுப்பு ஆக்குபையருடையது, அதாவது தொழிற்சாலையின் இறுதிக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறதோ அவருடையது. கம்பெனி என்றால் டைரக்டர்களில் ஒருவர். அதை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

கையெழுத்து விஷயத்தில் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு தெளிவாகவே சொன்னது. நச்சு வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஆள் இறங்க இரண்டே வழி. ஒன்று, தகுதியான நபர் தானே சோதித்து, உள்ளே ஆபத்தான வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவர் மூச்சுக் கருவி போட்டு, பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அடுத்தவர் எடுத்த ரீடிங்கைக் கேட்டுப் போடும் கையெழுத்து இந்த இரண்டிலும் சேராது.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. பழைய விதிகள் அதற்கு முரண்படாத வரை தொடர்கின்றன, அதனால் மேலே சொன்ன நடைமுறையைக் கைவிட முகாந்திரம் இல்லை. தண்டனைதான் ஏறியிருக்கிறது. பழைய சட்டத்தில் விதிமீறலால் சாவு என்றால் அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். இப்போது 5 லட்சத்துக்குக் குறையக் கூடாது, இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

காஸ்மீட்டர்:
சட்டத்தை அவர் சொல்லிவிட்டார். தொட்டியைப் பார்ப்போம்.

சல்ஃபர் பிளாக் என்றால் கழிவில் சோடியம் சல்ஃபைடு இருக்கும். பிஎச் 9இல் கரைந்த சல்ஃபைடில் நூற்றில் ஒரு பங்குதான் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கும், 7க்கு இறங்கினால் ஏறத்தாழ பாதி. ஆகவே சுத்தம் செய்யும் நாளில் அந்தத் தொட்டிக்கு ஆசிட் லைன் எதுவும் திறக்கக் கூடாது, சுவரில் படிந்ததைக் கரைக்க ஆசிட் ஊற்றவே கூடாது. இன்லெட்டில் வால்வை மூடினால் மட்டும் போதாது, குழாயை முழுதாக அடைக்கும் தட்டு, அதாவது பிளைண்ட் ஃபிளேஞ்ச் போடுங்கள். மிக்சர், பம்ப் பிரேக்கரை ஆஃப் செய்து பூட்டி, சாவியை இறங்குகிறவர் கையில் கொடுங்கள்.

ஸ்டோரில் கிடக்கும் மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். கேலிப்ரேஷன் தேதியைப் பாருங்கள். அன்றன்று அளவு தெரிந்த காலிப்ரேஷன் காஸ் கொடுத்து மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பம்ப் டெஸ்ட் (bump test) செய்யுங்கள், ஒரு நிமிட வேலை. ஜீரோ செய்வது திறந்த வெளியில், மேன்ஹோலிலிருந்து தள்ளி. மேன்ஹோல் வாயில் வைத்து ஜீரோ செய்தால், அங்கிருக்கும் வாயுவையே மீட்டர் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பிறகு காட்டுவதெல்லாம் குறைவாகத்தான் இருக்கும்.

மூடியைத் திறந்ததும் பம்பும் ஹோஸும் வைத்து மேல், நடு, ஸ்லட்ஜுக்குச் சற்று மேலே என மூன்று மட்டத்தில் எடுங்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு நிமிடம். முதலில் ஆக்சிஜன்: 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இறங்கக் கூடாது. ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தால் எல்இஎல் (வாயு தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு) சென்சாரும் பொய்யாகக் குறைத்துக் காட்டும், அதனால்தான் இந்த வரிசை. எல்இஎல் 10 சதவீதத்துக்குள், ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். மூக்கை நம்பி "நாற்றம் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் அவரைத் தள்ளி நிறுத்துங்கள். 100 பிபிஎம் அளவில் சில நிமிடத்திலேயே மோப்பம் மரத்துவிடும். 700ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார்.

புளோயர் கணக்கு: உங்கள் தொட்டி 60 கன மீட்டர். மணிக்கு 20 முறை காற்று மாற 1200 கன மீட்டர் வேண்டும். பெட்டியில் 1500 என்று எழுதியிருந்தாலும், டக்டும் இரண்டு வளைவும் போட்டால் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதாது, இரண்டு வையுங்கள். டக்டின் வாய் ஸ்லட்ஜுக்கு அருகில் இருக்கட்டும். இந்த வாயு காற்றைவிடக் கனம், மேலே ஊதினால் அடியில் அசையாது. காற்று வெளியேற இரண்டாவது மேன்ஹோல் திறந்திருக்கட்டும். புளோயர் இழுக்கும் பக்கத்தில் ஜெனரேட்டர் புகை வரக் கூடாது. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடும் யோசனையை யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள், ஒரு பொறி போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் காலை ரீடிங் மதியத்துக்கு உதவாது. மண்வெட்டியால் ஸ்லட்ஜைக் கிளறியதும் உள்ளே அடைபட்ட வாயு வெளியே வரும். இறங்குகிறவர் சட்டைக் காலரில் மீட்டர் ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நேர்மையாகச் சொன்னால், ஒரு அடி ஸ்லட்ஜுக்கு ஆளே இறங்க வேண்டியதில்லை. வாட்டர் ஜெட்டால் கரைத்து வாக்யூம் லாரியால் உறிஞ்சிவிடலாம். அதற்கான விலைப்புள்ளியை நிர்வாகத்திடம் வையுங்கள்.

கொங்குசேஃப்டி:
ஒரு சேர்க்கை. சட்டத்தில் பெல்ட் என்று இருக்கிறது என்பதற்காக இடுப்பு பெல்ட் வாங்கிவிடாதீர்கள். மயங்கியவரை இடுப்பில் கட்டித் தூக்கினால் உடம்பு இரண்டாக மடியும், 60 செ.மீ. வழியில் வராது. முழு உடல் ஹார்னஸ், முதுகில் டி-ரிங், மேலே டிரைபாட் (முக்காலி), வின்ச் (கயிற்றைச் சுற்றித் தூக்கும் கருவி). 80 கிலோ ஆளை இரண்டு பேர் கையால் இழுத்து 3 மீட்டர் ஏற்ற முடியாது. காற்றை வடிகட்ட மட்டும் செய்யும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் எதற்கும் உதவாது.

மேலே நிற்பவருக்கு ஒரே உத்தரவு: எது நடந்தாலும் உள்ளே குதிக்கக் கூடாது. இத்தகைய இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இலேயே எச்சரித்தது.

சாயத்தொட்டி_மெயின்டனன்ஸ்:
நன்றி அண்ணா. பர்மிட் புத்தகம் எழுதி வைத்தால் இன்ஸ்பெக்‌ஷனில் போதுமா? தொழிலாளர் விடுதி செப்டிக் டேங்கையும் இதே ஆட்கள்தான் செய்கிறார்கள்.

பர்மிட்_பேனா:
எல்லாப் பக்கத்திலும் "20.9, 0, 0, 0" என்று (சுத்தமான காற்றின் அளவுகள்) ஒரே பேனாவில் இருந்தால் பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும். நல்ல மீட்டர்களில் டேட்டா லாக் இருக்கிறது; பர்மிட்டில் எழுதிய நேரத்தில் மீட்டர் ஆன் செய்யப்பட்டதா என்று அதில் தெரியும். மீட்டர் சீரியல் எண், பம்ப் டெஸ்ட் முடிவு, மூன்று மட்டத்து ரீடிங், எடுத்த நேரம் எல்லாம் பர்மிட்டிலேயே இருக்கட்டும். வேலை நின்று மீண்டும் தொடங்கினால் புது ரீடிங். உள்ளே 24 வோல்ட்டுக்கு மேல் கை விளக்கு போகக் கூடாது, உங்கள் தொட்டிக்கு அது ஃபிளேம்ப்ரூஃப் (சுற்றியுள்ள வாயுவைப் பற்றவைக்காத வகை) ஆகவும் இருக்க வேண்டும்.

செப்டிக் டேங்க் வேறு சட்டம். 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி தராமல் ஆளை இறக்குவதே குற்றம், சாவு நடக்க வேண்டியதில்லை. முதல் முறைக்கே இரண்டு வருடச் சிறை, இரண்டு லட்சம் அபராதம் வரை போகலாம். அதற்கு லாரியை மட்டும் கூப்பிடுங்கள்.

நிர்வாகம் கேட்காவிட்டால், மீட்டர் ரீடிங்கோடு "இந்த நிலையில் சான்று தர இயலாது" என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் புகார் போனால், அனுப்பியவர் யார் என்பதை அதிகாரி வெளியே சொல்லக் கூடாது. புகாரில் தொட்டியின் அளவு, வேலை நடக்கும் தேதி, எந்த ஷிஃப்ட் என்பதெல்லாம் இருந்தால்தான் வேலை நடக்கும்போதே வந்து நிறுத்த முடியும்.