ஆறு லட்சத்தில் ஃப்ரீலான்ஸ் தளம்: கணக்கு எங்கே உதைக்கிறது?

ரயில்வே கேட்:
சென்னை கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். வடிவமைப்பு, தமிழ்த் தட்டச்சு, வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட் வரைபடம் போன்ற வேலைகளை வீட்டிலிருந்தே செய்யக்கூடியவர்கள் வியாசர்பாடி முதல் எண்ணூர் வரை தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கக்கூடிய கடைகளும் பட்டறைகளும் பாரிமுனையிலும் சௌகார்பேட்டையிலும் மணலியிலும் இருக்கின்றன. இரு தரப்பையும் இணைக்கும் ஒரு தளத்தைத் தமிழில் தொடங்க நினைக்கிறேன். கையில் இருப்பது 6 லட்சம் ரூபாய். இணையதளத்துக்கும் ஆண்ட்ராய்டு, ஐபோன் செயலிகளுக்கும் சேர்த்து ஒரு நிறுவனம் 3.5 லட்சம் கேட்கிறது. கம்பெனிப் பதிவு, வணிகச் சின்னம் ஆகியவற்றுக்கு 40,000. விளம்பரத்துக்கு 1 லட்சம். மீதி 1.1 லட்சம் கையிருப்பு. ஒவ்வொரு வேலையிலும் 10 விழுக்காடு கமிஷன். இது போதுமா? முதுகில் தட்டிக்கொடுக்க வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே எனக்குக் கணக்குதான் வேண்டும்.

பழைய நிரலர்:
தம்பி, அந்த 3.5 லட்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள். முதல் ஆண்டில் உங்களுக்குச் செயலியே வேண்டாம். ஐபோன் செயலி அறவே வேண்டாம். கூகுள் ஒரே ஒரு முறை 25 டாலர் வாங்கும், ஆப்பிள் ஆண்டுதோறும் 99 டாலர் வாங்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு சிறு திருத்தம் என்றாலும் அதை மூன்று இடங்களில் செய்து, மூன்று முறை காசு கொடுக்க வேண்டுமே, அதுதான் ஆளை விழுங்கும். கைப்பேசியில் ஒழுங்காகத் திறக்கும் ஓர் இணையதளம் போதும். சிறிய சர்வர் ஒன்று மாதம் 1,000 ரூபாய் அளவில் வாடகைக்குக் கிடைக்கிறது. இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்கு ஆயத்த வார்ப்புரு ஒன்றை வாங்கி, தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றியமைத்தால் 60,000க்குள் முடிந்துவிடும்.

ஓடிபி குறுஞ்செய்தியையும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அதற்கு டிஎல்டி என்ற அனுப்புநர் பதிவு வேண்டும். பதிவுக்கே 5,000 ரூபாயும் அதற்கு மேல் ஜிஎஸ்டியும் வாங்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் உண்டு. பயனர்கள் மின்னஞ்சல் வழியே உள்ளே வரட்டும்.

உப்புக்காற்று:
“60,000க்குள் முடிந்துவிடும்” என்று சொல்கிறவர்கள், முடித்துக் கொடுத்த பிறகு தொலைபேசியை எடுப்பார்களா என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அந்த வார்ப்புருக்கள் வெளிநாட்டுச் சந்தைக்காக எழுதப்பட்டவை. ரூபாயில் பணம் வாங்கும் வசதியை நாம்தான் ஒட்டவேண்டும், ஜிஎஸ்டி பில்லை நாம்தான் சேர்க்கவேண்டும். தமிழில் போட்டால் பொத்தானுக்குள் எழுத்து அடங்காமல் வழியும். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு பிளகின் (கூடுதல் மென்பொருள்), ஒவ்வொரு பிளகினுக்கும் ஓர் ஆண்டுச் சந்தா.

இன்னொன்று. நூற்றுக்கணக்கானவர்களின் பான் எண், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் உங்களிடம் வந்து சேரும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். நம்மைப் போன்றவர்களிடம் அவ்வளவு கேட்க மாட்டார்கள்தான். அதற்காகக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கலாமா? ரயில்வே கேட், 3.5 லட்சம் அதிகம் இல்லை. குறைவு என்றுதான் சொல்வேன்.

பெரம்பூர் கணக்கர்:
நீங்கள் இருவரும் வீட்டுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று சண்டை போடுகிறீர்கள். மனைப் பத்திரத்தை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை.

கடைக்காரர் கட்டுகிற பணம் வேலை முடியும் வரை யாரிடம் இருக்கப்போகிறது? கேள்வி இது ஒன்றுதான். வணிகரும் வாடிக்கையாளரும் பரிமாறும் பணத்தை நடுவில் நின்று வாங்கி வைத்துப் பிரித்துக் கொடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். அந்த வங்கியின் விதிப்படி விண்ணப்பிக்கும்போதே நிகர மதிப்பு 15 கோடி ரூபாய் இருக்கவேண்டும், பிறகு அது 25 கோடியாக உயரவேண்டும். ஆகவே அந்தப் பணம் உங்கள் நடப்புக் கணக்குக்குள் வரவே கூடாது. இணையவழியில் பணம் வசூலிக்க அனுமதி பெற்ற கேட்வே நிறுவனம் ஒன்றின் வழியாக வசூலித்து, அங்கேயே வேலை செய்தவருக்கும் உங்களுக்கும் பிரிக்கச் செய்யவேண்டும். அதற்கு ஒவ்வொரு ஃப்ரீலான்சரும் பான், வங்கி விவரங்களுடன் அங்கே பதிவாக வேண்டும். பாதிப் பேர் இந்த இடத்திலேயே விலகிவிடுவார்கள் என்று எதிர்பாருங்கள்.

அடுத்து ஜிஎஸ்டி. “சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். டிசிஎஸ், அதாவது விற்பவருக்குப் போகும் பணத்திலேயே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டும் கடமை உள்ள தளத்துக்கு அந்த வரம்பே கிடையாது. டிசிஎஸ் விகிதம் 2024 ஜூலை 10 முதல் 0.5 விழுக்காடு, தொகை சிறியது, ஆனால் மாதந்தோறும் படிவம் போடவேண்டும். வருமான வரியில் தளங்கள் பிடிக்கவேண்டிய பிடித்தம் 2024 அக்டோபர் முதல் 0.1 விழுக்காடு. ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் வாங்குகிற தனிநபர் பான் அல்லது ஆதார் கொடுத்துவிட்டால் அந்தப் பிடித்தம் இல்லை. உங்கள் ஆட்களில் பெரும்பாலோர் இதற்குள் அடங்கிவிடுவார்கள்.

இப்போது 1,000 ரூபாய் வேலை ஒன்றைப் பார்ப்போம். உங்கள் கமிஷன் 100. அதற்குள்ளேயே 18 விழுக்காடு ஜிஎஸ்டி அடக்கம் என்றால் உங்களுக்கு 84.75. கேட்வே கட்டணம் 2 விழுக்காடு என்று வைத்தால் முழு ஆயிரத்துக்கும் 20 ரூபாய். அதன் மீதான ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக, நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் 64.75. சர்வர், கணக்கு எழுதுபவர், புகார் கேட்க ஓர் ஆள் என்று மாதச் செலவு 40,000 என்றால், அதை ஈடுகட்டவே மாதம் 618 வேலைகள் முடிந்தாகவேண்டும். புகாருக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும்.

பழைய நிரலர்:
அம்மா, 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் வாங்கும் எம்டிஆர் கட்டணமே கிடையாது. நம் ஊரில் பூக்கடையிலும் யுபிஐதான். அந்த 20 ரூபாய் எங்கிருந்து வந்தது?

பெரம்பூர் கணக்கர்:
வங்கி வாங்கும் எம்டிஆர் இல்லை, உண்மை. கேட்வே நிறுவனம் தன் சேவைக்கென ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் கட்டணம் வேறு. பிரித்துக் கொடுக்கும் வசதிக்குத் தனிக் கட்டணமும் இருக்கும். பூக்கடைக்காரர் யாருக்கும் பிரித்துக் கொடுப்பதில்லையே, ஐயா.

ஆண்டர்சன் தெரு:
நான் திருமண அழைப்பிதழ்க் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் தேடுகிற வாடிக்கையாளர் என்னைப் போன்றவர்தான் என்பதால் என் பங்குக்குச் சொல்கிறேன்.

வடிவமைப்பாளர் கிடைக்கவில்லை என்று எங்களில் யாரும் அழவில்லை. ஆளுக்கு இருவர், மூவர் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வாசகத்தை அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் மாதிரி வந்துவிடும். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணி முகூர்த்தங்களுக்கான அட்டை வேலை ஆடிப் பிற்பாதியில்தான் எங்கள் தலையில் வந்து விழும். அப்போது இரவு பதினொரு மணிக்குப் பெண்ணின் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்று என்று தொலைபேசி வரும். அந்த நேரத்தில் திருத்திக் கொடுக்க ஆள் வேண்டும். அதற்கு மட்டும் நான் கூடுதலாகக் காசு கொடுப்பேன். அலை ஓய்ந்துவிட்டால் வாரக்கணக்கில் ஒன்றும் இராது. மாதந்தோறும் 618 வேலை என்று சீராக வரும் தொழில் இல்லை இது.

அதோடு, உங்கள் தளத்தில் ஒரு நல்ல ஆள் கிடைத்தால் இரண்டாவது வேலையை நேரடியாகக் கொடுத்துவிடுவேன். மறைக்கவில்லை, எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். எதற்காக நூறு ரூபாய் உங்களுக்கு?

(எழுத்துருவைப் பற்றியும் யோசியுங்கள். அச்சகங்களில் பாதி இன்னும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில்தான் ஓடுகின்றன. யூனிகோடில் தட்டச்சு செய்து வரும் வாசகம் எங்கள் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதை மாற்றும் வேலைக்கே தனியாக ஒரு நேரம் போகிறது.)

உப்புக்காற்று:
ஃப்ரீலான்ஸ் தளமான அப்வொர்க் இதற்கு வழி வைத்திருக்கிறது. தளத்தில் அறிமுகமானவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு வெளியே பணம் பரிமாறக்கூடாது, மீற விரும்பினால் ஒரு தொகை கட்டவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.

ஆண்டர்சன் தெரு:
400 ரூபாய் அட்டை வேலைக்காக என் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவாரா? நடந்தே போய்விடலாம், பக்கத்தில்தான் இருக்கிறது.

மணலி:
வேலை செய்கிறவன் தரப்பிலிருந்து ஒன்று. பட்டறைகளுக்கு ஆட்டோகேட் வரைந்து கொடுப்பவன் நான். வேலை தேடுவது எனக்குப் பெரிய பாடு இல்லை, செய்த வேலைக்குக் காசு வாங்குவதுதான் பாடு. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், செய்து வைத்திருக்கிறேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பதும் தெரியும். அந்தச் சட்டத்தைச் சொல்லிப் புகார் கொடுத்தால் அடுத்த வரைபடம் எனக்கு வராது. ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளம் 20 விழுக்காடு பிடிக்கிறது. அப்படியும் அங்கே ஆட்கள் குவிகிறார்கள். வாங்குபவர் ஆர்டர் போடும்போதே பணத்தைக் கட்டிவிடுகிறார் என்பதுதான் காரணம். ரயில்வே கேட் அதே உறுதியைத் தந்தால் 10 விழுக்காடு தருவேன். வெறும் பெயர்ப்பட்டியல் என்றால் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டேன். கடைக்காரர் எண் என் கைப்பேசியிலேயே இருக்கிறது.

இதையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தளம் நடத்துபவர்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை தொழிலாளர் நிதிக்குத் தரவேண்டும் என்கிறது. தொழில்முறைச் சேவை தரும் தளங்களும் அதன் அட்டவணையில் இருக்கின்றன.

உப்புக்காற்று:
பாருங்கள், இதற்குத்தான் நல்ல நிரல் வேண்டும் என்றேன். முன்கூட்டியே பணம் கட்டச் செய்வது, தவணை தவணையாக விடுவிப்பது, தகராறு வந்தால் நிறுத்தி வைப்பது எல்லாம் 60,000 ரூபாய் வார்ப்புருவில் ஒழுங்காக நடக்காது. பணம் பற்றாது என்றால் அரசு மானியம் கேளுங்கள். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் வரை ஆதார நிதி உண்டு. இடத்துக்கும் கவலை வேண்டாம். கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100 ரூபாய் கொடுத்தால் மேசை கிடைக்கிறது.

பெரம்பூர் கணக்கர்:
படைப்பகம் நல்ல யோசனை. மானியம் அப்படி இல்லை. டான்சீட் கேட்க முதலில் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டும்; தனி உரிமையாளர் நிறுவனத்துக்கு அது கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டாண்மை போன்ற ஒன்றாக இருக்கவேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் ஒரு ரூபாய் வருமானம் இல்லாவிட்டாலும் ஆண்டுத் தணிக்கை கட்டாயம். ஆண்டுப் படிவத்தைத் தாமதித்தால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். தொழில் படுத்துவிட்டது என்று மறந்துபோய், பிறகு மூட வரும்போது அபராதத்தைக் கேட்டு அதிர்ந்தவர்களை எங்கள் அலுவலகத்தில் பார்க்கிறோம். எல்எல்பியில் விற்றுமுதல் 40 லட்சத்தையோ பங்களிப்பு 25 லட்சத்தையோ தாண்டாத வரை தணிக்கை வேண்டாம். கூட்டாளி ஒருவர் கிடைத்தால் அதுவே இவருக்குப் பொருந்தும். வணிகச் சின்னத்துக்குத் தனிநபர் இணையம் வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான் அரசுக் கட்டணம். 40,000இல் அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ரயில்வே கேட்:
எல்லாருக்கும் நன்றி. திருத்திய கணக்கு: செயலி இரண்டும் வேண்டாம். தளத்துக்கு 1.2 லட்சம், அதில் பெரும்பகுதி கேட்வே இணைப்புக்கும் பணத்தை நிறுத்தி வைத்து விடுவிப்பதற்கும். என் தங்கையும் நானும் சேர்ந்து எல்எல்பி. விளம்பரம் கிடையாது, ஆண்டர்சன் தெருவிலும் மணலியிலும் நேரில் நடக்கிறேன். மீதி நான்கு லட்சத்துக்கு மேல் இருக்கும். கடைக்காரர்கள் முன்பணம் கட்டத் தயங்கினால், அதிலிருந்து ஒன்றரை லட்சத்தை எடுத்து வேலை செய்தவருக்கு நானே உடனே கொடுத்துவிட்டு, கடையிடம் பிறகு வசூலிக்கலாமா?

பெரம்பூர் கணக்கர்:
கூடாது. 1,000 ரூபாய் வேலைக்குக் கமிஷன் கழித்து 900 கொடுப்பீர்கள். கடைக்காரர்கள் 45 நாள் இழுத்தால் 167ஆவது வேலைக்குக் கொடுக்கக் கையில் பணம் இருக்காது. அதுவும் எல்லாரும் திருப்பித் தந்தால். நூறு ரூபாய் கமிஷனுக்காக 900 ரூபாய்க்கு ஜாமீன் நிற்கிறீர்கள்.

ஆண்டர்சன் தெரு:
முழு முன்பணம் கேட்டால் எங்கள் தெருவில் யாரும் கட்டமாட்டார்கள். பாதி கட்டுவேன். மாதிரியைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு மறுபாதி. அதுவும் இரவு நேரத் திருத்தத்துக்கு ஆள் உண்டு என்றால்.

மணலி:
மாதிரியை வாங்கிக்கொண்டு “பிடிக்கவில்லை” என்று சொல்லிவிட்டு, அதையே வேறு ஆளிடம் கொடுத்து அச்சடித்தால்? பாதியோடு என் கதை முடிந்ததா?

ஆண்டர்சன் தெரு:
மாதிரியின் குறுக்கே தளத்தின் பெயரைப் போட்டு அனுப்புங்கள். சுத்தமான கோப்பு மறுபாதிக்குப் பிறகு.

மணலி:
அட்டைக்குச் சரி. வரைபடத்தில் அளவுகள் தெரிந்தாலே போதும், வெல்டர் வெட்டிவிடுவார். குறுக்கே என்ன எழுதியிருந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. எனக்கு முழு முன்பணம்தான். ரயில்வே கேட், வேலைக்கு வேலை விதி மாறும் என்பதை அந்த 1.2 லட்சத்துக்குள் முடிப்பார்களா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.