அண்மையில் பார்த்த படம், அதில் தெரிந்த நம் ஊர்

தருமபுரி, அச்சகம் வைத்திருப்பவர்

நம் மாவட்டத்தைத் திரையில் தேடினால் ஒகேனக்கல்தான் கிடைக்கும். பாட்டு என்றால் அருவியும் பரிசலும், சண்டை என்றால் அதே பாறைகள். 1992இல் வந்த 'ரோஜா'வின் 'சின்னச் சின்ன ஆசை' தொலைக்காட்சியில் ஓடினால் என் அப்பா இன்றும் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வந்து "நம் அருவி" என்பார். பாட்டு முடிந்ததும் கதை மதுரைக்கோ நெல்லைக்கோ போய்விடும். நாம் டிக்கெட் எடுத்து அடுத்த ஊர்க்காரர்களின் வாழ்க்கையைப் பார்த்துவிட்டு வருவோம்.

சென்ற வாரம் 'கொட்டுக்காளி'யை வீட்டில் மறுபடி பார்த்தேன். 2024இல் தியேட்டரில் பார்த்தபோது, பின்னணி இசையே இல்லாததால் பின்வரிசையிலிருந்து ஒருவர் "ஸ்பீக்கரைப் போடுங்கப்பா" என்று கத்தினார். இந்த முறை நிதானமாகப் பார்க்க முடிந்தது. மதுரைப் பக்கத்துக் கதைதான். ஆனால் ஒரு காளை வழியை மறித்து நிற்க, வண்டியிலிருந்து இறங்கிய ஆண்கள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக அதைக் கூட்டிக்கொண்டு போகிறாள் அல்லவா, அந்த ஆண்களை எனக்குத் தெரியும். இண்டூர்ச் சாலையில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் காட்டுவேன்.

அண்மையில் நீங்கள் பார்த்த படத்தில் எந்த இடத்தில் உங்கள் ஊர் தெரிந்தது, யாரோடு பார்த்தீர்கள், எங்கே எரிச்சல் வந்தது என்று எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். வந்து நாளான படங்களுக்கு முடிவைச் சொன்னாலும் பாதகமில்லை.

பென்னாகரம் பக்கம், கூத்துக் குடும்பம்

என் தாய்மாமன் வயதாகும்வரை பெண் வேடம் கட்டியவர். திரௌபதி, சுபத்திரை, பொன்னுருவி, எது கொடுத்தாலும் ஆடுவார். கூத்துக் குழுவை எங்கள் பக்கம் ஜமா என்போம். அதே பெயரில் 'ஜமா' படம் 2024இல் வந்தபோது பார்க்க வாய்க்கவில்லை. பொங்கல் விடுமுறையில் வீட்டில் போட்டேன். மாமா கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் கால்மணி நேரம் அவர் படம் பார்க்கவில்லை, குற்றம் பார்த்தார். சலங்கைக் கட்டு சரியில்லை, அடவில் இடது கால் சோம்பல், இந்த மேடையில் புழுதியே எழவில்லை என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண் வேடம் கட்டிக் கட்டி நாயகனின் நடையிலும் கையசைவிலும் அந்த நளினம் ஒட்டிக்கொள்ள, அதனாலேயே அவனுக்குப் பெண் கிடைக்காமல் போகும். அந்த இடம் வந்ததும் மாமாவின் வாய் அடைத்துவிட்டது. என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்: கூத்து முடிந்து விடியற்காலை முதல் பஸ்ஸில் வருவாராம். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தும் காதோரத்திலும் புருவ மயிரிலும் அரிதாரம் கொஞ்சம் நின்றுவிடும். பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவார்களாம். ஊரே விடிய விடிய உட்கார்ந்து துகிலுரிதல் பார்த்து அழும். அந்தத் திரௌபதிக்குப் பெண் கொடுக்க மட்டும் யோசிக்கும். சேலை நழுவாமல் இருக்க இடுப்பில் இறுக்கிய கயிற்றின் தழும்பு மாமாவுக்கு இன்னமும் கறுப்பு வளையமாக இருக்கிறது.

படம் முடிந்ததும், "ஜமாவைக் கையில் வைத்துக்கொள்ளப் போடுகிற சண்டை உண்மைதான். ஆனால் எங்களுக்குள் அதைவிடப் பெரிய சண்டை விடிந்த பிறகு பங்கு பிரிக்கும்போது வரும். அதை இன்னும் காட்டியிருக்கலாம்" என்றார். இயக்கி நடித்த பாரி இளவழகனைப் பற்றிக் கேட்டதற்கு, "ஆடத் தெரிந்தவன்" என்று ஒரே வார்த்தை. மாமாவிடம் அது பெரிய பாராட்டு.

என் குறை ஒன்று உண்டு. சொன்னால் சிலர் அடிக்க வருவார்கள். இசை இளையராஜா. ஆனாலும் உருக்கமான இடங்களில் வாத்தியங்கள் பெருகும்போது, இங்கே கூத்தில் ஊதும் ஒற்றை முகவீணை போதுமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

பாப்பிரெட்டிப்பட்டி, ஆசிரியை

நான் 'வாழை'யை என் மகனோடு பார்த்தேன். வார விடுமுறை வருகிறதே என்று அஞ்சும் பையனை வேறு எந்தப் படத்திலும் கண்டதாக நினைவில்லை. சனி, ஞாயிறு வந்தால் சிவனைந்தன் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். பள்ளிக்கூடம்தான் அவனுக்கு ஓய்வு.

எங்கள் பக்கம் வாழை இல்லை, புளி. தை கடந்தால் வீட்டுத் திண்ணைகளிலெல்லாம் புளிக் குவியல்தான். ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை தட்டி எடுக்க வேண்டும். கூலி எடைக்கணக்கு என்பதால் பிள்ளைகளும் உட்கார்ந்துவிடுவார்கள். திங்கள்கிழமை வகுப்பில் எழுதச் சொன்னால் சிலர் பென்சிலைப் பெருவிரலும் நடுவிரலும் கொண்டு பிடிப்பார்கள். ஆள்காட்டி விரல் நுனி புளிப்பில் வெந்து தோல் உரிந்திருக்கும். நகக்கண்ணில் உள்ள பழுப்புக் கறை வாரம் முழுவதும் போகாது. பூங்கொடி டீச்சர் மீது அந்தப் பையனுக்கு உள்ள பிரியத்தைத் தியேட்டரில் விசில் அடித்துக் கொச்சைப்படுத்தினார்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு, 'ஏன் கழுத்து வலிக்கிறதா' என்று கேட்கும் ஒரே ஆள் யாரோ, அவர்மீது பிரியம் வரத்தான் செய்யும். இதில் விசிலுக்கு என்ன இருக்கிறது?

லாரி கவிழ்ந்து ஊரே பிணங்களைச் சுற்றி அழும்போது பையன் பசி தாங்காமல் வீட்டுக்குள் போய்ச் சோற்றில் கை வைக்கிறானே, அந்த இடத்தில் இசை சற்று ஒதுங்கி நின்றிருக்கலாம். அழு அழு என்று தோளைப் பிடித்து உலுக்கினால் எனக்குக் கண்ணீர் உள்ளே போய்விடுகிறது. மாரி செல்வராஜ் தன் சொந்தக் கதையைச் சொல்கிறார், அவருக்கு அந்த உரிமை உண்டு என்றான் என் மகன். இருக்கட்டும், பார்ப்பவளுக்கும் ஓர் உரிமை உண்டு.

காவேரிப்பட்டினம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்

'லப்பர் பந்து', கிரிக்கெட் படம். மனைவியோடு பார்த்தது முதல் தவறு என்று நண்பர்கள் சொன்னார்கள். கெத்து என்ற ஆட்டக்காரர் வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஆடப் போகும் காட்சிக்கெல்லாம் என் மனைவி படத்தை விட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெத்துவின் மனைவி யசோதை டிராக்டரை ஆடுகளத்துக்குள் ஓட்டிவந்தபோது தியேட்டரிலேயே கை தட்டினார். ஆற்றோரம் நாங்கள் ஆடும் பொட்டலைச் சுற்றி எத்தனை டிராக்டர்கள் நிற்கின்றன என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். திறமை இருந்தும் சாதியைக் காரணமாக வைத்து அன்புவை அணியில் சேர்க்காத பகுதியைப் பற்றி எங்கள் அணியில் யாரும் வாய் திறக்கவில்லை. படத்தைப் பற்றி மற்ற எல்லாமே பேசினோம்.

முகாமில் வளர்ந்தவர், தருமபுரி மாவட்டம்

எங்கள் முகாம் ஓர் அணையின் ஓரம். 2021இல் அரசு அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. எங்கள் தகரக் கூரைக்கு இரண்டு பெயரும் தெரியும்.

'டூரிஸ்ட் ஃபேமிலி'யை அம்மாவுக்குக் காட்டினேன். அபிஷன் ஜீவிந்த்தின் முதல் படம், 2025 மே மாதம் வந்தது. இலங்கைக் குடும்பம் ராமேஸ்வரத்தில் இறங்கி, முகாம் பக்கமே போகாமல் சென்னையில் வீடு பிடித்துவிடுகிறது. அம்மா அங்கேயே, "இப்படியும் முடியுமா?" என்றார். அவர் 1990இல் வந்தவர். மண்டபத்தில் பதிவு, அங்கிருந்து லாரியில் ஏற்றி இங்கே. ஆள் கணக்கு எடுக்கும் நாளில் அப்பா பெயின்ட் அடிக்கப் போன ஊரிலிருந்து எப்படியாவது திரும்பியாக வேண்டும். வராவிட்டால் உதவித்தொகையில் சிக்கல். அதனால் அப்பாவுக்குத் தொலைதூர வேலை எதுவும் நிலைத்ததில்லை.

படத்தில் அவர்கள் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, கேரளக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அம்மா சந்தைக்குப் போனால் கிழங்கு விலையை ஊர்க்காரர் மாதிரியே கேட்பார். பஸ் ஏறியதும் என்னிடம் பேசும் குரல் வேறாகிவிடும். சசிகுமாரின் பேச்சு எப்படி என்றேன். "பாதி சரி, மீதியை முகம் பார்த்துக்கொள்கிறது" என்று சிரித்தார்.

எனக்கு அந்தக் காலனி ஆட்கள் அளவுக்கு மீறி நல்லவர்களாகத் தெரிந்தார்கள். ஒருவராவது கடைசிவரை கதவைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "திறக்காத கதவை நான் பார்த்தாயிற்று. படத்திலும் எதற்கு?" என்றார். இதற்கு மேல் விமர்சனம் எழுத எனக்குத் தெம்பில்லை.

மொரப்பூர்

தொடங்கிவைத்தவர் அருவி மட்டுமே நம் மாவட்டம் என்பது போல எழுதியிருக்கிறார். 'விடுதலை' முதல் பாகத்தை 2023இல் என் பெரியப்பாவோடு பார்த்தேன். மலைக் கிராமத்துப் பெண்களை முகாமுக்கு இழுத்து வந்து வதைக்கும் காட்சியில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இடைவேளைக்குப் பிறகும் உள்ளே வரவில்லை. படத்தில் எங்கள் ஊர்ப்பெயர் எதுவும் கிடையாது. ஆனால் சித்தேரி மலையடிவாரத்தில் 1992 ஜூன் மாதம் வாச்சாத்தி கிராமத்துக்கு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக் கட்டை தேடி வந்தபோது பெண்களுக்கு நடந்த வன்கொடுமைகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு முடிவதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதி அத்தனை பேரையும் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது 2011இல். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில், அதாவது படம் வந்து ஆறு மாதம் கழித்து. வெற்றிமாறன் படத்தின் தொடக்கத்தில் ரயில் விபத்தை வெட்டாமல் நீளமாகக் காட்டியதைப் பற்றி எல்லாரும் வியந்து எழுதினார்கள். நல்ல காட்சிதான். பெரியப்பாவோடு வீடு திரும்பிய எனக்கு அது நினைவிலேயே இல்லை.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்

இங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் ஒரே வாரத்தில் ஓடும். அறை நண்பர்கள் கன்னடக்காரர்கள் என்பதால் 'காந்தாரா'வை அவர்கள் மொழியிலேயே பார்த்தேன். பாதி வசனம் புரியவில்லை. தெய்வம் இறங்கியவர் போடும் அந்தக் கூச்சல் மட்டும் மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது. எங்கள் மாரியம்மன் பண்டிகையில் சாமி வந்து ஆடும் சித்தப்பா அதே ஒலிதான் எழுப்புவார், பிறகு மோர் கேட்பார். மற்றபடி படத்தில் நாயகன் நாயகியிடம் நடந்துகொள்ளும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

கிருஷ்ணகிரி, மாம்பழ லாரி ஓட்டுபவர்

எல்லாரும் அழுத படத்தையே எழுதியிருக்கிறீர்கள். தோத்தாபுரி விலை விழுந்த ஆண்டில், பழத்தை ஏற்றிக்கொண்டு கூழ் ஆலை வாசலில் வரிசையில் நின்று, பழம் கனிந்து ஒழுகுவதைப் பார்த்துவிட்டு வருபவன் நான். எனக்கு மனம் கனக்கிற படம் வேண்டாம். ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் லாரியின் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொள்வேன்.

நான் பார்த்தது 'கூலி', 2025 ஆகஸ்ட் 14, முதல் நாளே. கதையில் ஓட்டைகள் உண்டு, என் மகளே எடுத்துச் சொன்னாள். அதனால் என்ன? ரஜினி திரும்பிப் பார்த்ததும் தியேட்டர் எழுந்து நின்றதே, அந்தச் சில நொடிகளுக்குத்தான் காசு. தொடங்கிவைத்தவர் கேட்ட கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறேன். ரஜினியின் பூர்வீகம் எங்கள் மாவட்டத்து நாச்சிக்குப்பம். அவருடைய பெற்றோருக்கு அங்கே நினைவிடமும் இருக்கிறது. அவர் திரையில் வந்தாலே எங்கள் ஊர் வந்துவிட்டது, வேறு காட்சி தேட வேண்டியதில்லை.

பென்னாகரம் பக்கம், கூத்துக் குடும்பம்

கிருஷ்ணகிரி அண்ணன் எழுதியதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். "அவர் சொல்வது சரி. துரியோதனன் திரை விலக்கி வரும்போதும் சனம் அப்படித்தான் எழுந்து நிற்கும்" என்றார். எங்கள் ஊரில் இந்த ஆண்டு பாரதம் நடத்தப் பேசியிருக்கிறார்கள். மாமா இப்போது வேடம் கட்டுவதில்லை, ஆனால் திரௌபதிக்குச் சேலை கட்டிவிடுவது அவர்தான். டிக்கெட் கிடையாது. வருகிறவர்கள் போர்வை கொண்டுவாருங்கள், மண் தரை. ஓசூர்த் தம்பி கன்னட நண்பர்களையும் கூட்டிவரலாம்.