கிழித்த பத்திரிகையை முழுதாக்கும் வித்தை: எங்கே பிழைத்தது?

பாலைமர நிழல் (மாங்குளம்) கேட்கிறார்:

மாங்குளத்திலிருந்து உள்ளே போகும் பாதையில் ஒரு சிறிய பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியராக இருக்கிறேன். ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்காக, பத்திரிகையைத் துண்டு துண்டாகக் கிழித்து, உதறியதும் முழுத் தாளாக விரிக்கும் வித்தையைப் பழகினேன். இரண்டு வாரம், அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால். மனைவி இதைப் பற்றி என் அம்மாவிடம் முறையிட்டதாகவும் கேள்வி.

முறை பழையதுதான். ஒரே நாள் பத்திரிகையில் இரண்டு பிரதிகள். ஒன்றைச் சிறு பொதியாக மடித்து மற்றதன் பின்புறம் ஒட்டிவைக்க வேண்டும். முன்னால் இருப்பதைக் கிழித்து, துண்டுகளை அதே அளவுக்கு மடித்து, திருப்பி, மறைத்து வைத்த பொதியை விரிக்க வேண்டும்.

வீட்டில் பிழைக்கவேயில்லை. ஆனால் எங்கள் மண்டபம் அரைச்சுவரும் தகரக் கூரையும். மேடைக்குப் பின்னால் திறந்த வெளி. காலை பத்து மணி வெயில். தாளை விரித்துப் பிடித்ததுமே முன்வாங்கில் இருந்த தரம் 4 பையன், "சேர், பின்னால் ஒரு சதுரம் தெரிகிறது" என்றான். கேட்காதவன் போல் கிழித்தேன். மேலிருந்து கீழே நேராகக் கிழிந்தது. குறுக்கே கிழித்தது கோணல்மாணலாக ஓடிப் பொதியையும் சேர்த்துக் கிழித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சோழகக் காற்று ஒரு வீச்சு வீச, துண்டுகள் அதிபரின் மடியில் போய் விழுந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். அதுதான் வித்தை என்று நினைத்துவிட்டார்கள்.

வாணி விழாவுக்கு மறுபடி செய்யும்படி அதிபர் கேட்கிறார். என்ன நோக்கத்தில் கேட்கிறார் என்று தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

ஓட்டை ரியூப் (புதுக்குடியிருப்பு):

சேர், நான் சைக்கிள் திருத்துகிறவன். மாலையில் கோயில் திருவிழாக்களிலும் பிறந்தநாள் வீடுகளிலும் வித்தை காட்டுகிறேன். உங்கள் கதையை வாசித்துக் கடையில் தனியாக இருந்து சிரித்தேன், மன்னியுங்கள். என் முதல் மேடை இதைவிட மோசம்.

அந்தப் பையன் சொன்னது சரி. பத்திரிகைத் தாள் மெல்லியது. பின்னால் வெளிச்சம் இருந்தால் எலும்பெல்லாம் தெரியும். பின்னால் ஒரு கறுப்புச் சீலையைத் தொங்கவிடுங்கள், காற்றுக்கும் அதுவே மறைப்பு. பொதியை ஒட்டும் இடத்தில் கடும் நிறப் படமோ முழு விளம்பரமோ இருக்கட்டும். எழுத்து மட்டும் உள்ள பக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

குறுக்கே கிழிந்த கதைக்கு உங்கள் கை காரணமில்லை. ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே அதன் நார்கள் படிகின்றன. நாரோடு கிழித்தால் நூல் பிடித்த மாதிரி வரும். நாருக்குக் குறுக்கே போனால் தாள் தன் விருப்பத்துக்குப் போகும். பெரிய அளவுப் பத்திரிகையில் நார் மேலிருந்து கீழ். பாதி அளவுப் பத்திரிகையில் பக்கமே திரும்பிவிடுவதால் நாரும் இடமிருந்து வலமாகிவிடும். எந்தப் பத்திரிகை என்றாலும் முதலில் ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். குறுக்குக் கிழிப்பு வேண்டுமென்றால் விரல் நகத்தால் அழுத்தி மடித்துவிட்டு, மெதுவாக.

இந்த வித்தையின் பேர்போன வடிவத்தை உருவாக்கியவர் ஜீன் அண்டர்சன் என்ற அமெரிக்கர். தொழிலால் இரசாயனவியலாளர். அவருடைய முறையை நான் இங்கே விரிக்க மாட்டேன்; அவர் உழைத்துக் கண்டது, வாங்கிப் படிக்க வேண்டியது.

ஆனால் வாணி விழாவுக்கு அது வேண்டாம், சேர். உங்களுக்கு வேறொன்று தருகிறேன். பழைய வித்தை, வித்தைப் புத்தகங்களில் தாராளமாகக் கிடைப்பது, என் கடைச் சாமானோடு முடிந்துவிடும்.

இரண்டு அங்குல அகலத்தில், ஒன்றரை அடி நீளத்தில் ஒரு பத்திரிகைப் பட்டி வெட்டுங்கள். ஒரு பக்கம் முழுவதும் ரியூப் ஒட்டும் சொலூசனை மெல்லியதாகப் பூசுங்கள். காய்ந்ததும் இன்னொரு தடவை. அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகு குழந்தைப் பவுடரைத் தூவி, தேய்த்து, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். றப்பர் றப்பரோடுதான் ஒட்டும். நடுவில் பவுடர் நிற்பதால் ஒட்டாது. பூசிய பக்கம் உள்ளே வர இரண்டாக மடித்து, மடிப்பைக் கத்தரியுங்கள். கத்தரிக்கோல் இரண்டு விளிம்புகளையும் ஒன்றோடொன்று நெருக்கும். வெட்டுவாயில் பவுடர் படாத புதிய றப்பர் வெளியே வந்து பிடித்துக்கொள்ளும். ஒரு நுனியை விட்டுவிடுங்கள். பட்டி ஒரே துண்டாகத் தொங்கும்.

அடுத்ததைச் சரிவாக வெட்டிப் பாருங்கள். பட்டி முழங்கை மடிந்த மாதிரி ஒரு பக்கம் திரும்பி நிற்கும். கைதட்டல் அதற்குத்தான் கூட.

சொலூசன் பெற்றோல் வகைத் திரவத்தில் கரைத்த றப்பர். விளக்குக்குப் பக்கத்தில் பூச வேண்டாம்.

முறிகண்டிக் கச்சான்:

சேர், ஒரு வேண்டுகோள். மரண அறிவித்தல் பக்கத்தை மேடையில் கிழிக்க வேண்டாம். போன வருடம் எங்கள் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஒருவர் கை போன போக்கில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார். நடுவில் ஒருவரின் 31ஆம் நாள் நினைவுப் படம். முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் எழுந்து, "அவரை ஏன் தம்பி கிழிக்கிறாய்?" என்று கேட்டார். தாள் மறுபடி முழுதாக வந்தும் ஒருவரும் கைதட்டவில்லை.

பட்டிக்கு 'மணமகள் தேவை' பத்தி நல்லது. பொடி எழுத்து, வெட்டில் ஒரு வரி குறைந்தாலும் தெரியாது.

பாலைமர நிழல்:

அண்ணா, நேற்று இரவு ஐந்து பட்டிகள் செய்தேன். முதலாவதில் பவுடர் குறைந்து முழுவதும் ஒட்டிக்கொண்டது, பிரிக்கவே முடியவில்லை. மற்றவை சரி. இன்று வகுப்பில் ஒத்திகை பார்த்தேன். சரிவு வெட்டுக்குப் பிள்ளைகள் வாங்கில் ஏறிவிட்டார்கள். ஆனால் அதே பையன் கீழே விழுந்த துண்டை எடுத்து விரலால் தடவி, "சேர், இதில் என்னவோ பூசியிருக்கிறது" என்கிறான். இவனை என்ன செய்வது?

ஓட்டை ரியூப் (புதுக்குடியிருப்பு):

வெட்டி விழும் துண்டைக் கையில் ஏந்தி சேட் பொக்கற்றில் போடுங்கள். அவனை வாணி விழா அன்று கத்தரிக்கோல் நீட்டும் உதவியாளாக மேடையில் ஏற்றிவிடுங்கள், சேர். முன்வாங்கில் விட்டுவைப்பது ஆபத்து.