தனி தொடங்கியதும் எழுந்து போகிறவன்

மிருதங்க வித்வான் காரைக்குடி மணி அவர்களிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. சபாவின் பதின்மூன்றாவது, பதினான்காவது வரிசைகளிலிருந்து கேட்டவன் என்ற அளவில்தான் எனக்கு அவருடன் பழக்கம். ஆகவே, அவரோடு பழகியவர்கள் சொல்லக்கூடிய சுவையான செய்திகள் எதுவும் என்னிடம் இல்லை. அவருடைய வாசிப்பால் என் பழக்கம் ஒன்று மாறிய கதை மட்டுமே உண்டு.

எங்கள் வீட்டில் கச்சேரிக்குப் போவதென்றால், தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டை நிறுத்திவிட்டுத் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, தொடங்கியதும் கேன்டீனுக்குப் போவது என்றும் பொருள். பிரதான உருப்படி முடிந்து, பாடகர் மிருதங்க வித்வானைப் பார்த்துக் கையசைத்த கணமே பாதி அரங்கம் நாற்காலியைப் பின்தள்ளும். அந்தப் பாதியில் நாங்கள் முதல் ஆட்கள். கீரை வடையும் காப்பியும் முடிந்து திரும்பும்போது கச்சேரியின் கடைசியில் பாடும் சிறு பாடல்களான துக்கடாக்கள் ஆரம்பமாகியிருக்கும். இதை யாரும் அவமரியாதையாக நினைத்ததில்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

1990களின் நடுவில் ஒரு மார்கழி மாலையில், மயிலாப்பூர்ச் சபா ஒன்றில், வரிசையின் நட்டநடுவில் இடம் அமைந்துவிட்டது. இருபுறமும் மடியில் கை வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் முழங்காலை நகர்த்துவதாக இல்லை. மேடையில் மணி அவர்கள் மிருதங்கம், ஹரிசங்கர் கஞ்சிரா. வேறு வழியின்றி உட்கார்ந்தேன்.

வேகத்தையும் பேரொலியையும்தான் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் வாசிக்காமல் விட்ட இடங்கள். தாளச் சொற்களால் ஆன சொற்கட்டு ஒன்று தெளிவாக விழும்; பிறகு கை நிற்கும்; அரங்கத்தில் மின்விசிறியின் ஓசைகூடக் கேட்கும்; அடுத்த சொல் எங்கே வரும் என்று நான் கணித்திருந்த இடத்தில் வராமல், சற்றுத் தள்ளி, ஆனால் அங்கேதான் வந்திருக்க வேண்டும் என்று தோன்றும்படி வரும். ஹரிசங்கரின் கஞ்சிரா அதே கட்டமைப்பை வாங்கி, ஒற்றைக் கையால், ஒரு தோல் துண்டிலிருந்து இத்தனை நாதம் எழுமா என்று வியக்கும்படி திருப்பித் தந்தது. தனியை முடித்துவைக்கும் கணக்கான இறுதிக் கோர்வை மூன்று முறை வரும் என்பது தெரியாமல் முதல் முறையிலேயே நான் கைதட்டிவிட்டேன். பக்கத்துப் பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அந்த அவமானத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் மறு ஆண்டு, இருபத்தாறு வயதில், எங்கள் தெருவில் இருந்த ஆசிரியர் ஒருவரிடம் மிருதங்கம் கற்கச் சேர்ந்தேன். வாத்தியத்தைத் தொடுவதற்கு முன் எதையும் வாயால் சொல்லிக் கையால் தாளம் போட வேண்டும் என்பது அவருடைய விதி. அவர் கொடுத்த ஒரு பாடம் இது: ‘ததிகிணதொம்’ என்ற ஐந்து அட்சரச் சொல்லை முதலில் ஐந்தாகவும், பிறகு இடையில் ஓர் இடம் விட்டு ஆறாகவும், இரண்டு இடம் விட்டு ஏழாகவும் சொன்னால் பதினெட்டு, அந்தப் பதினெட்டை மூன்று முறை சொல்லி, நடுவிலுள்ள இரண்டு இடைவெளிகளிலும் ஐந்தைந்து மாத்திரைக் கார்வை, அதாவது மௌனம், விட்டால் 64, அது ஆதி தாளத்தில் சரியாக இரண்டு ஆவர்த்தனம், ஒரு சுற்றுக்கு 32 மாத்திரை என்ற கணக்கில். மாணவர் பலரும் கற்கும் எளிய கணக்குத்தான் இது. ஆனால் அந்த ஐந்து மாத்திரை மௌனத்தைக் கூட்டாமல் குறைக்காமல் விடுவதற்கு நான் மாதக்கணக்கில் உண்மையாகவே ததிங்கிணதோம் போட்டேன். சபாவில் கேட்டது என்ன என்பது அப்போதுதான் விளங்கியது.

1945இல் பிறந்த மணி அவர்கள், காரைக்குடி ரங்கு ஐயங்காரிடம் தொடங்கி, டி. ஆர். ஹரிஹர சர்மாவிடமும் கே. எம். வைத்தியநாதனிடமும் பயின்றவர். எம். எஸ். சுப்புலட்சுமி, டி. கே. பட்டம்மாள், எம். எல். வசந்தகுமாரி என்று முந்தைய தலைமுறைக்கும், சஞ்சய் சுப்ரமணியன் போன்ற பிந்தைய தலைமுறைக்கும் வாசித்தவர். பக்கவாத்தியம் என்ற இடத்தில் இத்தனை பெருமை பெற்றவர் அதோடு நின்றிருக்கலாம். லயமே மேடையின் நடுவில் அமரட்டும் என்று கருதி ‘ஸ்ருதி லயா’ குழுவை அமைத்ததும், ஸ்ருதி லயா கேந்திரா வழியாக மாணவர்களை உருவாக்கியதும்தான் என் கணக்கில் அவருடைய பெரிய துணிச்சல். ‘கணக்கு மிகுந்துவிட்டது, பாவம் (உணர்ச்சி) குறைந்துவிட்டது’ என்று குறைப்பட்ட ரசிகர்களை நான் அறிவேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணக்கு மட்டும் தெரிந்தவர் கார்வையை நிரப்பப் பார்ப்பார். இவர் அதை அப்படியே விட்டுவைத்தார்.

1990களிலேயே அவர் ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவின் ஜாஸ் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தார். மெல்பர்னில் அவருடைய மாணவர் ரவிச்சந்திரா நடத்தும் பள்ளியைப் பற்றி, அந்த நகரில் குடியேறிய என் நண்பன் சொல்லித்தான் அறிந்தேன். தமிழே தெரியாத ஒரு டிராம்போன் கலைஞர் தொடையில் தட்டியபடி கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால், சொன்னதைக் கேட்டபோது, தன் மகனின் உச்சரிப்பைவிட அது சுத்தமாக இருந்தது என்று அவன் தொலைபேசியில் புலம்பினான். பாதி பெருமை, பாதி பொறாமை. இன்று கணித வரிசைகளைக் கொன்னக்கோலில் சொல்லி இணையத்தில் பலரையும் வியக்க வைக்கும் பெங்களூர் பி. சி. மஞ்சுநாத்தும் இவரிடம் பயின்றவர்தான் என்று நான் சொன்ன பிறகு, அவன் மகனை மறுபடி வகுப்புக்கு அனுப்பினான்.

2023 மே 4ஆம் தேதி அவர் மறைந்த செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். மாலை வீடு திரும்பி உறையைக் கழற்றினால், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி காய்ந்து கிடந்தது. ரவை பிசைந்து ஒட்டிச் சுருதி சேர்க்கும் பொறுமை அன்று இல்லை. தரையில் அமர்ந்து அந்தப் பதினெட்டை மட்டும் வாயால் சொல்லிப் பார்த்தேன். முதல் கார்வை சரியாக அமைந்தது. இரண்டாவதில் ஒரு மாத்திரை முந்திவிட்டேன். மறுபடி தொடக்கத்திலிருந்து தாளம் போட்டேன்.