கைமாறிய குதிரைகள்: வாங்கியவர்களும் விற்றவர்களும் சொல்லுங்கள்

சென்னையிலிருந்து

பந்தயக் குதிரை வாங்கிய கதையை ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். விற்ற கதையை யாரும் சொல்வதில்லை. நான் இரண்டையும் செய்தவன். முழுவதையும் எழுதிவிடுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

நாங்கள் நான்கு நண்பர்கள். பெரும் பணக்காரர் யாருமில்லை. கிளாசிக் எனப்படும் பெரிய பந்தயங்களை நூற்றுக்கணக்கில் வென்ற எம்.ஏ.எம். ராமசாமியின் குதிரைகளைக் கிண்டியில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தே வளர்ந்தவர்கள். ஆளுக்குக் கால் பங்கு போட்டு ஒரு குட்டி வாங்குவது என்று முடிவு செய்து, புனே பக்கம் ஒரு பண்ணைக்குப் போனோம். நம் நாட்டில் ஏலமும் உண்டு. ஆனால் பண்ணைக்கே போய்ப் பார்த்து, நேரில் விலை பேசி முடிப்பதும் பழைய வழக்கம்.

குட்டிகளை ஒவ்வொன்றாக நடத்திக் காட்டினார்கள். கையில் வம்சாவளித் தாள். தகப்பன் யார், தாய் யார், தாயின் தாய் என்ன ஜெயித்தாள் என்று மூன்று தலைமுறை இருந்தது. நால்வருக்கும் ஒரே நேரத்தில் பிடித்தது உயரமான ஓர் ஆண் குட்டி. மார்பு அகலம், நடையில் ஒரு மிடுக்கு. அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றே பேசினோம்.

அன்று மாலை நான் மட்டும் லாயத்துப் பக்கம் போனேன். அந்தக் குட்டியைப் பார்த்துக்கொள்ளும் வயதான சைஸ், அதாவது குதிரைப் பராமரிப்பாளர், அங்கே இருந்தார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. ஒன்றும் பேசாமல் லாயக் கதவின் மேல்விளிம்பைக் கையால் தடவிக் காட்டினார். மரம் முழுக்கப் பல் பதிந்து அரிக்கப்பட்டிருந்தது. குதிரை மரத்தில் பல்லைப் பதித்து, கழுத்தை வளைத்து, காற்றை உள்ளிழுக்கும் கெட்ட பழக்கம் அது. ஒரு முறை தொற்றிக்கொண்டால் எளிதில் விடாது. பெயர்பெற்ற ஏலங்களில் இதை முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும், மறைத்து விற்றால் குதிரை திரும்பி வந்துவிடும். எங்களுக்குத் தந்த தாளில் அதைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. அந்த மனிதருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

மறுநாள் நாங்கள் பார்த்தது சின்னதாய் ஒரு செம்பழுப்புப் பெட்டைக் குட்டி. மே மாதம் பிறந்தவள். நம் நாட்டில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும். ஜனவரியில் பிறந்ததும் மேயில் பிறந்ததும் கணக்கில் ஒரே வயது. அதனால் பிந்திப் பிறந்த குட்டி மற்றவற்றோடு நிற்கும்போது நோஞ்சானாகத் தெரியும், விலையும் குறையும். கனடாவின் நார்தன் டான்சர் என்ற பந்தயக் குதிரை 1961 மே 27இல் பிறந்தது. 25 ஆயிரம் டாலர் விலை சொல்லியும் அதன் குட்டை உயரத்தைப் பார்த்து யாரும் வாங்கவில்லை. 1964இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்றது அதுதான். அதன் மகன் ஸ்னாஃபி டான்சரை 1983இல் அமெரிக்காவின் கீன்லாண்ட் குதிரை ஏலத்தில் 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். மகன் ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. இந்தக் கதையைச் சொல்லித்தான் மற்ற மூவரையும் நான் சம்மதிக்க வைத்தேன்.

கால்நடை மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தொண்டையைப் பார்த்தார். குரல்வளையின் ஒரு பக்கம் செயலிழந்திருந்தால் ஓடும்போது மூச்சு இரையும், வேகம் வராது. அவளுக்கு அந்தக் குறை இல்லை. முழங்கால், கணுக்கால் எக்ஸ்ரேயும் சுத்தம். விலை பேசும்போது பண்ணைக்காரர் இன்னொரு வழி சொன்னார். ‘பெட்டைக் குட்டி, குத்தகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பந்தயம் ஓடி முடித்ததும் எங்களிடமே திரும்பி வந்துவிடுவாள், குட்டி ஈன வைத்துக்கொள்கிறோம்’ என்றார். இந்தியாவில் பலரும் அப்படிச் செய்கிறார்கள், செலவும் குறைவு. எங்களுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை. விலை கொடுத்தே வாங்கினோம். அந்த ஒரு முடிவை நினைக்காத நாளில்லை.

மூன்று பருவம் ஓடினாள். இரண்டு முறை ஜெயித்தாள், இரண்டும் கீழ்வகுப்புப் பந்தயம். பரிசுப் பணம் லாயச் செலவுக்குக் காணாது என்பதை எல்லோரும் அறிவோம், அதைப் பற்றி முறையிட ஒன்றுமில்லை. நான்காவது பருவத்தில் ஓடி முடித்துத் திரும்பியபோது மூக்கில் ரத்தம். நுரையீரலில் கசிவு. ஓய்வு கொடுத்து மீண்டும் ஓட்டினோம், மீண்டும் ரத்தம். கூட்டாளிகள் மூவரும் விற்கலாம் என்றார்கள். ஒரு தரகர் வந்தார். மலைப் பக்கம் குதிரையேற்றப் பள்ளி ஒன்றுக்கு வேண்டும் என்றார். அவர் கொடுத்த பணம் இரண்டு மாதத் தீவனத்துக்குக் காணாது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

லாரியில் ஏற்றும் நாளில் அவளைப் பார்த்துக்கொண்ட சைஸ் கேட்டார்: “சார், எங்கே போகிறாள்?”

“குதிரையேற்றப் பள்ளிக்கு.”

“எந்தப் பள்ளி சார்?”

எனக்குத் தெரியவில்லை. வாங்கும்போது தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தவன், விற்கும்போது ஊர்ப் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்துத் தரகரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். பள்ளிக்காரர் வேண்டாம் என்றுவிட்டாராம். வேறொருவருக்குக் கைமாற்றினாராம். அவர் இன்னொருவருக்கு. அதற்கு மேல் தடம் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து

ஐயா, உங்கள் சைஸ் கேட்ட கேள்வியை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். ஈப்போவில் பிறந்தவன், அப்பாவும் சைஸ்தான். சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடலில் பல ஆண்டுகள் குதிரைகளைப் பார்த்துக்கொண்டேன்.

2023 ஜூனில் இங்கே குதிரைப் பந்தயம் நின்றுவிடப் போகிறது என்று அறிவித்தார்கள். 2024 அக்டோபர் 5இல் நூறாவது கோல்ட் கப்போடு கடைசிப் பந்தயம் நடந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க நின்றால் குதிரைக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை அந்தப் பதினாறு மாதங்களில் பார்த்தேன். எங்கள் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. விமானத்தில் திருப்பி அனுப்பும் செலவுக்கு எதிரில் பல குதிரைகளின் விலை ஒன்றுமேயில்லை. நன்றாக ஓடுபவை பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போயின. வயதானவற்றுக்கு இடம் தேடி அலைந்த முதலாளிகளும் உண்டு, அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அலையாதவர்களும் உண்டு.

என்னிடம் மூன்று குதிரைகள் இருந்தன. விற்பனைத் தாளில் கால், மூச்சு, ரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதியிருந்தார்கள். இடி இடித்தால் மூலையில் ஒடுங்கும், வலது காதைத் தொட்டால் பிடிக்காது, தண்ணீர் வாளியை இடப்பக்கம் வைத்தால்தான் குடிக்கும் என்பதையெல்லாம் யார் எழுதுவார்கள்? நானே மலாயில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலைக்கயிற்றில் கட்டி அனுப்பினேன். நான்கு மாதம் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டார். “அண்ணே, உங்கள் குதிரை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, என்ன செய்யலாம்?” என்றார். கேரட்டைத் துருவி ஓட்ஸில் கலக்கச் சொன்னேன். மறுநாள் காலித் தொட்டியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

அந்தக் காகிதத்தை எழுத எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஈரோட்டிலிருந்து

நான் வாங்கிய பக்கத்து ஆள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். மார்வாரி, கத்தியவார், நாட்டியக் குதிரை எல்லாம் வரும். அவற்றுக்கு நடுவில் மெலிந்து, விலா தெரிய, காலில் பழைய லாடத்தோடு ரேஸ் குதிரைகளும் நிற்கும். விற்பவர் ‘ரேஸில் ஓடியது’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாதவராக இருப்பார். எத்தனையாவது கையோ!

எங்கள் பக்கத்தில் குதிரை என்றால் முதலில் உடம்பில் மயிர்ச்சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள், கால் அதற்குப் பிறகுதான். நான் வாங்கிய ஆண் குதிரைக்குச் சுழி சரியில்லை என்று மூன்று பேர் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை முடிந்தது. எனக்குக் கிடைத்த விலையை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு குறைவு.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எனக்குப் பாடம் தொடங்கியது. கடிவாளத்தை இழுத்தால் நாட்டுக் குதிரை நிற்கும். இவன் இழுக்க இழுக்க வேகமெடுத்தான். பந்தயத்தில் ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பதும், குதிரை அதன்மேல் சாய்ந்து ஓடுவதும் பழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அங்கவடியில் கால் வைத்து ஏறப் போனால் நகர்ந்துவிடுவான், ஜாக்கியை ஆள் தூக்கிவிட்டுத்தானே ஏற்றுகிறார்கள். தீவனம் வைத்தால் பாதியில் நிறுத்திவிட்டு வயிற்றைத் திரும்பிப் பார்ப்பான். மருத்துவர் இரைப்பையில் புண் என்றார். தானியத்தைக் குறைத்து, நாள் முழுக்க மேய விட்டோம். எட்டு மாதம் நான் சேணமே போடவில்லை. இப்போது என் பத்து வயது மகள் அவனைக் கயிற்றில் பிடித்து வாய்க்கால் கரையில் நடத்திப் போகிறாள்.

சென்னை ஐயாவுக்கு ஒன்று. எங்கள் மருத்துவர் இவன் கழுத்தின் இடப்பக்கம் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார். பிடரிக்குக் கீழே சிப் இருந்தது, பதினைந்து இலக்க எண் வந்தது. பதிவேடு புனேயில் இருக்கிறதாம். அந்த எண்ணை வைத்துத் தேடித்தான் இவன் பெயரையும் பிறந்த ஆண்டையும் கண்டுபிடித்தோம். உங்கள் குதிரைக்கும் எண் இருக்கும். அனுப்புங்கள். சந்தைக்கு வரும் வியாபாரிகளில் பாதிப்பேரை எனக்குத் தெரியும்.

சென்னையிலிருந்து

தம்பி, உங்கள் பதிவைப் படித்த இரவே பீரோவைக் கலைத்துத் தேடினேன். அவளுடைய பாஸ்போர்ட்டின், அதாவது குதிரைக்கான அடையாளப் புத்தகத்தின், நகல் பழைய ரசீதுகளுக்கு நடுவில் இருந்தது. எண் இருக்கிறது. நெற்றியில் பிறை போன்ற வெள்ளை, இடது பின்காலில் குளம்புக்கு மேல் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை. இப்போது பதினோரு வயது இருக்க வேண்டும்.

கூட்டாளிகளிடம் சொன்னேன். ஒருவர் தன் தோட்டத்தில் இடம் தருகிறேன் என்கிறார். அவளைப் பார்த்துக்கொண்ட சைஸையும் கண்டுபிடித்துவிட்டேன், சொந்த ஊரில் கறவை மாடு வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், “எந்த ஊர் சந்தை சார்?” என்றுதான் முதலில் கேட்டார். இந்த முறை எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆடியில் இருவரும் அந்தியூர் வருகிறோம். அங்கே இல்லையென்றால் அடுத்து எந்தச் சந்தைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவர்கள் இங்கேயே எழுதுங்கள்.