அப்பா 80 (அப்பாவைச் சேர்க்க வேண்டாம்)

சனிக்கிழமை

கவிதா, காலை 9:12
எல்லோரும் பாருங்கள். கேக் கடையில் இன்று மாலை ஐந்து மணிக்குள் படத்தை முடிவு பண்ணச் சொல்கிறார்கள். அப்பா விமானப்படையில் வேலை பார்த்த விமானம்தான் கேக் மேல் வருகிறது. கடைக்காரர் அனுப்பிய மாதிரி இது.
(படம்)

மணி
சூப்பர்

பாலு
ஓகே

யாழினி
சிவப்பு நன்றாக இருக்கிறது அம்மா. அப்புச்சிக்குப் பிடிக்கும்.

முருகேசு சித்தப்பா, 9:31
தப்பு. நிறுத்தச் சொல் கவிதா.

கவிதா
என்னங்க சித்தப்பா தப்பு? கீழே நேட் என்றுதானே போட்டிருக்கிறது.

முருகேசு சித்தப்பா
நேட்தான். ஆனால் இது பிரிட்டிஷ் விமானப்படையின் பயிற்சி விமானம், நேட் டி.1. நன்றாகப் பார், இரண்டு பேர் உட்காரும் இடம் இருக்கிறது. ரெட் ஆரோஸ் என்ற சாகசக் குழு 1965 முதல் 1979 வரை இதில்தான் பறந்தது, அதனால் சிவப்பு. அண்ணன் கை வைத்தது ஒற்றை ஆள் ஓட்டும் எஃப்.1. இறக்கையும் இதைவிடச் சின்னது. அண்ணன் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெயிண்டே கிடையாது, அலுமினியம் அப்படியே பளபளக்கும். அந்த ஒற்றை ஆள் விமானத்தைப் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் படைக்கு எடுத்துக்கொள்ளவே இல்லை. நம் நாடும் பின்லாந்தும் யுகோஸ்லாவியாவும்தான் வாங்கின. சிவப்பு கேக்கைப் பார்த்தால் அண்ணன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் மனசுக்குள் வைத்துக்கொள்வார்.

சரோஜா அத்தை
முட்டை போடாத கேக் தானே கண்ணு?

கவிதா
ஆமாங்க அத்தை

மணி
மண்டபத்தில் பன்னிரண்டு கார்தான் நிற்குமாம். பல்லடத்துக்காரர்கள் ஒரே வண்டியில் வந்தால் நல்லது.

பாலு
அவர்கள் வருவார்களா முதலில்

யாழினி
சின்ன அப்புச்சி, ஏன் அவ்வளவு சின்னதாகச் செய்தார்கள்? போர் விமானம் பெரிதாக இருந்தால்தானே நல்லது?

முருகேசு சித்தப்பா, 10:04
நல்ல கேள்வி சாமி. டெடி பெட்டர் என்று ஒருத்தர். கேன்பரா குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவரும் அவர்தான். போர் விமானம் வருஷத்துக்கு வருஷம் கனமாகிக்கொண்டே போகிறது, விலையும் கூடவே ஏறுகிறது, இது சரியில்லை என்று நினைத்தார். ஃபாலண்ட் என்ற சின்ன கம்பெனிக்கு வந்து, எதை எல்லாம் விட்டுவிடலாம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார். 1955 ஜூலை 18 முதல் பறப்பு. நீளம் 9 மீட்டர்கூட வராது. இறக்கை முனைக்கு முனை 6.7 மீட்டர். நேட் என்றாலே கொசு மாதிரி ஒரு பூச்சி. ஏணி இல்லாமல் தரையில் நின்றபடியே பாதி வேலையை முடித்துவிடலாம் என்று அண்ணன் சொல்வார். நம் வீட்டுக் களத்தில் அலுங்காமல் நிறுத்தலாம்.

பாலு
அந்தக் களம் இப்போது யார் பேரில் இருக்கிறது?

கவிதா
அண்ணா

சரோஜா அத்தை
பாலு, அது இங்கே வேண்டாம். நல்ல காரியம் நடக்கும்போது பேசுகிற பேச்சா இது.

பாலு
கேட்டேன், அவ்வளவுதான்.

மணி
சாப்பாடு வாழை இலைதானே? பஃபே வேண்டாம் என்று மாமா போன தடவையே சொல்லிவிட்டார்.

கவிதா
இலைதான்

யாழினி
அவ்வளவு சின்னதில் துப்பாக்கியை எங்கே வைத்தார்கள்?

முருகேசு சித்தப்பா
காற்று இழுக்கும் வாய் இரண்டு பக்கமும் இருக்கும். அதன் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக 30 மி.மீ. ஏடன் பீரங்கி. தனியாக ஏர்பிரேக் கிடையாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் சக்கரத்தைப் பாதி இறக்குவார்கள், சக்கரமும் அதன் கதவுகளும்தான் பிரேக். ஒரே பொருளுக்கு இரண்டு வேலை. பெட்டரின் மூளை அது. ஆனால் நேட் வேலை வாங்கும் விமானம். பீரங்கி சிக்கிக்கொள்ளும். ஹைட்ராலிக்கும் வால் பக்கக் கட்டுப்பாடும் தொல்லை கொடுத்தன. அதில் விமானிகள் உயிரே போயிருக்கிறது. ராத்திரி பூராவும் கண் விழித்துச் சரிபார்த்தது அண்ணன் மாதிரி ஆட்கள். விமானி பெயர்தான் பேப்பரில் வரும்.

மணி
கேன்பரா படம் போட்டால் என்ன? பெரிதாக, எடுப்பாக இருக்குமே. மாமா அதிலும் வேலை பார்த்தார் அல்லவா?

முருகேசு சித்தப்பா
இரண்டே வருஷம் மாப்பிள்ளை. கேன்பராவும் நல்ல விமானம்தான், நம் படையில் 1957 முதல் 2007 வரை ஐம்பது வருஷம் பறந்தது. ஸ்டார்ட் பண்ண இன்ஜினுக்குள் வெடிமருந்துத் தோட்டா போட வேண்டும். படார் என்று சத்தம், கறுப்புப் புகை. ஆனால் அண்ணன் மனசு நேட்டில்தான் இருக்கிறது.

சரோஜா அத்தை
அந்தப் புகை வாசம் சட்டையில் இருக்கிறது என்று அண்ணன் லீவில் வந்தபோது அம்மா மூன்று தடவை துவைத்தாள்.

கவிதா
அத்தை, பழைய போட்டோ ஒன்று இருந்ததே. அப்பா விமானத்துக்குப் பக்கத்தில் நிற்பது. அதையே கடைக்கு அனுப்பிவிடலாம்.

சரோஜா அத்தை
தகரப் பெட்டியில் இருக்கிறது. சாவி உங்கள் அம்மாவிடம்.

கவிதா
அம்மாவிடம் கேட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும்

பாலு
அம்மாவிடம் எது தங்கும்

மணி
உண்மை

யாழினி
71 போரில் அப்புச்சி எங்கே இருந்தார்? காலேஜில் கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை.

முருகேசு சித்தப்பா, 11:20
கல்கத்தா டம்டம். கிழக்குப் பாகிஸ்தான் எல்லையில் போய்ராவில் நடந்த சண்டைக்கு நான்கு நேட்டுகள் அங்கிருந்துதான் கிளம்பின. நவம்பர் 22, போர் அறிவிக்கவே இல்லை அப்போது. எதிரே பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்கள். கிளம்பிப் போன நான்கும் திரும்பி வந்தன. பிடிபட்ட பாகிஸ்தான் விமானி ஒருவர் பிற்காலத்தில் அவர்கள் விமானப்படைக்கே தளபதி ஆனார். 65 போரிலேயே நேட்டுக்கு சேபர் ஸ்லேயர், அதாவது சேபரை வீழ்த்துவது, என்று பேர் வந்துவிட்டது. நேட் அவ்வளவு சின்னது என்பதால் அது பக்கத்தில் வரும் வரை கண்ணுக்கே தெரியாது.

சரோஜா அத்தை
அண்ணன் டம்டமில். முருகேசு விக்ராந்த் கப்பலில். அம்மா ரேடியோவுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தாள். மாகாளியம்மனுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வேண்டுதல்தான் வைத்தாள், தனித்தனியாக வைத்தால் ஒன்று தவறிவிடும் என்று பயந்தாள்.

கவிதா
இதை நீங்கள் சொன்னதே இல்லையே அத்தை

முருகேசு சித்தப்பா
எனக்கும் தெரியாது அக்கா.

முருகேசு சித்தப்பா
டிசம்பர் 14 வந்தால் அண்ணன் மதியம் சாப்பிட மாட்டார், கவனித்திருக்கிறாயா கவிதா? ஸ்ரீநகரில் நேட்டை எடுத்துக்கொண்டு போய் சேபர்களோடு மோதி உயிர் விட்ட நிர்மல் ஜித் சிங் செகோன் நாள் அது. விமானப்படையில் பரம்வீர் சக்ரா வாங்கிய ஒரே ஆள்.

கவிதா
விரதம் என்று நினைத்திருந்தோம்.

பாலு
நானும்

மணி, 11:52
போட்டோகிராபருக்கு அட்வான்ஸ் யார் கொடுத்தது? என்னிடம் கேட்கிறார்.

பாலு
நான் பார்க்கிறேன்

கவிதா
அண்ணா, இதைத்தான் செவ்வாய்க்கிழமையும் சொன்னீர்கள்

யாழினி
சின்ன அப்புச்சி, நீங்கள் ஏன் விமானப்படைக்குப் போகாமல் நேவிக்குப் போனீர்கள்? அண்ணனோடு சண்டையா?

சரோஜா அத்தை
அந்தச் சண்டை பின்னாடி வந்தது

பாலு
கிணற்று மோட்டார்

கவிதா
போதும்

முருகேசு சித்தப்பா, 12:15
சண்டை எல்லாம் இல்லை சாமி. நேவியின் ஜெட் விமானங்கள் அப்போது நம் சூலூரில்தான் இருந்தன. ஐ.என்.எஸ். ஹன்ஸா என்ற நேவி விமானத் தளம் 1961ல் சூலூரில் ஆரம்பித்து 1964ல்தான் கோவாவுக்குப் போனது. எனக்குப் பன்னிரண்டு வயது. நானும் அண்ணனும் குளத்துக் கரையில் உட்கார்ந்து சீ ஹாக் பறப்பதைப் பார்ப்போம். அதற்கு வால் நுனியில் புகை வரும் ஓட்டை இருக்காது. எப்படிடா பறக்கிறது என்று எனக்கு ஒரே குழப்பம். அண்ணன் ஈர மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். உள்ளே ரோல்ஸ் ராய்ஸ் நீன் இன்ஜின், அதன் குழாய் இரண்டாகப் பிரிந்து இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் வெளியே வருகிறது, பின்னால் மிச்சமாகும் இடத்தில் எண்ணெய் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று இன்று வரை தெரியாது. சரியாகத்தான் சொல்லியிருந்தார். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், எனக்கு சீ ஹாக் என்று.

யாழினி
மண்ணில் வரைந்தாரா!

மணி
அந்தப் படத்தைக் கேக்கில் போடலாமே

கவிதா
நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள்

முருகேசு சித்தப்பா
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேட்டின் இன்ஜின் ஆர்ஃபியஸ். பிரிஸ்டல் கம்பெனியில் ஸ்டான்லி ஹூக்கர் செய்தது. மற்ற இன்ஜின்களில் நீளமான அச்சு ஆடாமல் இருக்க நடுவிலும் ஒரு பேரிங் வேண்டும். இவர் அச்சையே உள்ளே வெற்றாக, தடித்த குழாய் மாதிரி செய்துவிட்டார். அது தானாகவே விறைப்பாக நிற்கும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, இரண்டே பேரிங் போதும். அதனால் எடை குறைவு, பிரித்துப் பூட்டவும் எளிது. பெங்களூரில் ஹெச்.ஏ.எல். என்ற அரசு விமானக் கம்பெனி அதைத் தயாரித்தது. நம் மாருத் விமானத்தில் அதே இன்ஜின் இரண்டு.
அப்புறம், ஹாரியருக்கு இன்ஜின் தேடியபோது பிரிஸ்டலில் ஆர்ஃபியஸை நடுவில் வைத்து முன்னால் பெரிய விசிறி பூட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் பெகாசஸ். நின்ற இடத்திலிருந்தே மேலே எழும்ப வைக்கும் இன்ஜின். சீ ஹாரியர் 1983ல் கோவாவுக்கு வந்தபோது நான் அதில் வேலைக்குப் போனேன். இறங்கும் நேரத்தில் இன்ஜின் சூடு தாங்க வேண்டும் என்று உள்ளே தண்ணீர் தெளிக்கும், அந்தத் தண்ணீர் ஒன்றரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும், அதற்குள் இறங்கியாக வேண்டும். இன்ஜினை மாற்ற வேண்டுமென்றால் முழு இறக்கையையும் தூக்கி எடுக்கணும்.

முருகேசு சித்தப்பா
அம்மா கருமாதி அன்று பதினோரு வருஷம் கழித்து அண்ணன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா? "உன் ஹாரியருக்குள்ளே ஓடுவது என் ஆர்ஃபியஸ்தான்டா, என் இன்ஜின் இல்லாமல் நீ எழும்பியிருக்க மாட்டாய்."

சரோஜா அத்தை
நான் பக்கத்தில்தான் இருந்தேன். இரண்டு பேரும் இன்ஜின் பேச்சுப் பேசி அழுதார்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பாலு, 12:58
சித்தப்பா

பாலு
கேக் வெட்டும்போது நீங்களும் அப்பா பக்கத்தில் நிற்க வேண்டும்.

முருகேசு சித்தப்பா
பார்க்கலாம் பாலு. முழங்கால் வலி.

சரோஜா அத்தை
நாற்காலி போடுவான். போடுவாய் தானே?

பாலு
போடுகிறேன் அத்தை

யாழினி
பெங்களூர் ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் ஆர்ஃபியஸ் வைத்திருக்கிறார்கள் என்று போட்டிருக்கிறது. விசேஷம் முடிந்து எல்லோரும் ஒரு வேன் எடுத்துப் போகலாமா? இரண்டு அப்புச்சியும் சேர்ந்து பார்க்கட்டும்.

மணி
எத்தனை பேர்? பதினேழு சீட்டா, இருபத்தொன்றா?

சரோஜா அத்தை
போகிற வழியில் ஓசூர் மலைக்கோயிலில் நிற்க வேண்டும்

முருகேசு சித்தப்பா
அண்ணன் வந்தால் நான் வருகிறேன்.

கவிதா
அப்பாவும் இதையேதான் சொல்வார். திங்கள்கிழமை திறந்திருக்குமா, யாராவது போன் பண்ணிக் கேளுங்கள்.

பாலு
நான் பார்க்கிறேன்

கவிதா, மாலை 4:41
கடையிலிருந்து போன் வந்துவிட்டது. வெள்ளி நிறம், ஒற்றை இருக்கை என்று சொல்லிவிட்டேன். அவர்களிடம் அந்தப் படம் இல்லையாம். தகரப் பெட்டிச் சாவி எப்படியாவது வேண்டும்.

சரோஜா அத்தை
அண்ணி குளிக்கப் போகும்போது எடுக்கிறேன். ஆறு மணி ஆகும்.

கவிதா
அத்தை, கடை ஐந்து மணி என்கிறது

முருகேசு சித்தப்பா
கடை நம்பரை எனக்கு அனுப்பு. நான் பேசுகிறேன். தாளில் வரைந்தே அனுப்பிவிடுகிறேன்.