அம்மாவின் முடக்கு வாத மாத்திரையை அப்பா எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி (தங்கச்சிமடம்)

அனைவருக்கும் வணக்கம். மண்டபம் கரையோரத்தில் பல ஆண்டுகள் பாசி எடுத்த என் அம்மாவுக்கு மூன்று ஆண்டுகளாக முடக்கு வாதம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட்டும், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் எடுக்கிறார். விசைப்படகில் தொழிலுக்குப் போகும் அப்பாவுக்குக் கால் பெருவிரல் சிவந்து வீங்கியது. யூரிக் அமிலம் 9.2 என்று பரிசோதனையில் வந்ததால், வலி தணிந்த பிறகு அலோபியூரினால் 100 மில்லிகிராம் தொடங்கினார்கள். மூன்றாவது வாரத்திலேயே முன்பைவிடக் கடுமையாக வலி வந்துவிட்டது. மாத்திரைதான் வலியைக் கிளப்பியது என்று அதை நிறுத்திவிட்டு, "இரண்டும் வாதம்தானே" என்று அம்மாவின் மாத்திரையைக் கேட்கிறார். அவருக்கு எப்படி விளக்குவது?

மறுமொழி 1 (இராமநாதபுரம், ஓய்வுபெற்ற மருந்தாளுநர்)

தங்கைக்கு வணக்கம். முதலில் அம்மாவின் மாத்திரை அட்டையை அப்பாவின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒரு முறை மட்டும் எடுக்க வேண்டிய மருந்து. அதைத் தினமும் விழுங்கினால் எலும்பு மச்சையில் ரத்த அணுக்கள் உருவாவது தடைபட்டு, வாயெல்லாம் புண்ணாகி, உயிருக்கே ஆபத்தாகும்.

நம் ஊரில் மூட்டில் வரும் எல்லா வலிக்கும் வாதம் என்றுதான் பெயர். ஆனால் அம்மாவுக்கு உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தன் மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குகிறது. மெத்தோட்ரெக்சேட் அந்த அமைப்பை அடக்குகிறது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள்கூட ஆகலாம். அப்பாவுக்கு இருப்பது கௌட். ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டும்போது அது ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படிகிறது. சாந்தீன் ஆக்சிடேஸ் என்னும் நொதியைத் தடுத்து, அந்த அமிலம் உருவாவதையே அலோபியூரினால் குறைக்கிறது.

வலி திரும்ப வந்ததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. அமில அளவு இறங்கும்போது பழைய படிகங்கள் கரைந்து நகர்வதால் முதல் சில மாதங்களில் வலி மறுபடியும் எழக்கூடும். மருந்து தோற்றுவிட்டதற்கு அது அடையாளம் அன்று. அதனால்தான் தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குக் வலி எழாமல் தடுக்கும் கால்சிசின் என்னும் மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்துத் தருவது வழக்கம். அப்பாவுக்கு அது எழுதப்பட்டதா என்று மருந்துச் சீட்டைப் பாருங்கள். உடலில் தடிப்போ, காய்ச்சலோடு வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் அலோபியூரினாலை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதாக வந்தாலும் மிகக் கொடிய ஒவ்வாமை அது.

மறுமொழி 2 (கீழக்கரை)

எனக்கும் கௌட் உண்டு. தொடங்கிய இரண்டாம் மாதம் கணுக்காலை ஊன்றவே முடியாமல் இருந்தும் மருத்துவர் அலோபியூரினாலை நிறுத்தச் சொல்லவில்லை. அளவைப் படிப்படியாக 300 வரை கூட்டிய பிறகு என் அமிலம் 6-க்குக் கீழே வந்தது. கால்சிசின் எனக்கு வயிற்றுப்போக்கைத் தந்தது. அளவைக் குறைத்ததும் சரியானது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள பொருள்தான் அது. அதற்காகக் கிழங்கை அரைத்துக் குடிக்க யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், அது கொடிய நஞ்சு.

இரவெல்லாம் கடலில் இருப்பவர்கள் போதிய தண்ணீர் குடிப்பதில்லை. நீர் வற்றினால் அமிலம் ஏறும். சாளை, நெத்திலி, கருவாடு ஆகியவற்றைக் குறைக்க வேண்டும், பீரும் கூடாது. ரத்த அழுத்தத்திற்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில வகைகள் அமிலத்தை ஏற்றும்.

மறுமொழி 3 (பரமக்குடி, செவிலியர்)

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டில் ஒருவர் துடிக்கும்போது மற்றவரின் பரிசோதனை தள்ளிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்குக் கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் ஆகியவற்றைத் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரை குமட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைக்கும், விட்டுவிட வேண்டாம். காய்ச்சலோ, விடாத வறட்டு இருமலோ, மூச்சுத் திணறலோ வந்தால் அடுத்த வாரத்து மாத்திரைக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்குப் போகும்போது இம்மருந்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோட்ரைமாக்சசோல் என்னும் கிருமிக்கொல்லி மருந்தை எழுதிவிடக்கூடும்; இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் அபாயகரமாகக் குறையும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் நீண்ட காலத்தில் விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனையும் தேவை.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சீட்டில் கால்சிசின் இருந்தது. வலி வந்தால் போடும் மாத்திரை என்று நினைத்து அப்பா அதை வாங்கவே இல்லை. நாளை அவரை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். அம்மாவின் மெத்தோட்ரெக்சேட்டை மட்டும் தனி டப்பாவில் வைத்து, "ஞாயிறு மட்டும்" என்று மேலே எழுதியிருக்கிறேன்.